சட்டையில் ஏறிய விளக்கு

காலையில் கட்டில்மேல் கிடந்த புதுச் சட்டையிலிருந்து அச்சு மை வாடை வந்தது. நீங்கள் பச்சை குத்தும் மையில் இப்படியொரு நெடி கிடையாது. டெட்டாலும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாடைதான் உங்கள் கையில் எப்போதும் இருக்கும். சட்டையின் காலரில் உங்கள் பெயர். நெஞ்சில் நம் மகனின் பெயர். அதற்குக் கீழே அந்த விளக்கு.

நீங்கள் கண்மூடிய பிறகு அவன் காளவாசலில் சட்டைக் கடை போட்டான். உங்கள் பெயரையே வைத்தான். திருமங்கலம் சந்தையில் பேட்டரி மெஷினோடு வெயிலில் உட்கார்ந்து பச்சை குத்திய மனிதரின் பெயர் கண்ணாடிக் கதவில் மின்னுகிறதே என்று நானும் பூரித்துப்போனேன். வருகிறவர்கள் தங்கள் பெயரைச் சொன்னால் போதும், நெஞ்சில் பெயரும் கீழே விளக்கும் அச்சடித்துக் கொடுப்பான். கல்லூரிப் பையன்கள் மொய்க்கிறார்கள். முதல் சட்டையைப் பார்த்த அன்றே எனக்குப் பக்கென்றது.

இறந்தவர் பெயரைக் குத்திக்கொள்ள வருகிறவர்களுக்கு மட்டும்தான் நீங்கள் அந்த விளக்கைப் போடுவீர்கள். அகல் இருக்கும், திரி இருக்கும், சுடர் இருக்காது. ஒருமுறை ஒரு பையன், அழகாயிருக்கிறதே என்று தன் பெயருக்குக் கீழே கேட்டான். மெஷினை அணைத்துவிட்டு, "எந்திரிச்சுப் போ மாப்ள, இது ஒனக்கில்ல" என்றீர்கள். அவன் சண்டைக்கே வந்தான். நீங்கள் மசியவில்லை.

முதல் விளக்கு என் கையில்தான். நம் மூத்தவன் காய்ச்சலில் போனதும் அவன் பெயரை அழுதுகொண்டே குத்தினீர்கள். அடுத்தவன் பிறந்தான். உங்கள் அப்பா பெயர் விட்டுப்போகக் கூடாதென்று அவனுக்கும் அதே பெயர். "பெரியவனப் பத்தி இவன்கிட்டச் சொல்ல வேணாம். செத்தவன் பேரையா எனக்கு வச்சீகன்னு கேட்டுருவான்" என்றீர்கள். அதற்காகவே அவனைச் சந்தைப் பக்கம் கூட்டிப்போகவில்லை. அவனோ என் மடியில் கிடந்து, அந்த எழுத்தைத் தடவித் தடவித்தான் தன் பெயரைப் படிக்கக் கற்றான். அம்மா தன் பெயரைக் கையில் சுமக்கிறாள் என்று தெருவெல்லாம் பீற்றிக்கொள்வான். என் கையைப் பார்த்துத்தான் சட்டைக்கும் அந்த விளக்கை எடுத்துக்கொண்டான்.

போன வாரம் நான் கடையில் இருந்தபோது பேரையூரிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். பேரனின் சட்டையை மேசையில் போட்டுவிட்டு முன்கையைக் காட்டினார். புருஷன் பெயர், கீழே உங்கள் விளக்கு.

"ஏந்தாயி, உசுரோட இருக்கிற புள்ளைக்கா இத மாட்டி விடுவாக?"

மகன் சிரித்தான். "எங்கம்மா கையிலயும் இருக்கு பாருங்க, எம்பேருக்குக் கீழ. நான் நல்லாத்தான இருக்கேன்?"

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தை. சட்டையை அங்கேயே விட்டுவிட்டுப் படியிறங்கினார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சிக்னலில் வண்டியோடு நிற்கும் பையன்களின் நெஞ்சில் ஒவ்வொரு பெயராக வாசிக்கிறேன். என்னால் வாசிக்காமல் இருக்க முடியவில்லை.

இன்று அந்தப் புதுச் சட்டையை மாட்டிக்கொண்டு அவன் எதிரே வந்து நின்றான். "திருமங்கலத்துல தொறக்கப்போற புதுக் கடைக்குப் போர்டு வைக்கணும்மா. போட்டோக்காரரு வாராரு. ஒங்கையத்தான் பெருசாப் போடப் போறோம்."

சொல்லிவிட்டேன். மன்னியுங்கள், நீங்கள் வேண்டாமென்றதைச் சொல்லிவிட்டேன். அண்ணன் ஒருவன் இருந்தான், என் கையிலிருப்பது அவன் பெயர், அந்த விளக்கு இறந்தவர்களுக்கானது என்று.

அவன் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தான். "அப்ப இதுல இருக்கிறது யாரும்மா?"

"கழட்டுய்யா" என்றேன்.

பொத்தான்களை நான்தான் கழற்றினேன். அவன் வெற்று உடம்போடு உட்கார்ந்து, "வித்ததெல்லாம் என்னம்மா செய்ய?" என்று கேட்டான். யார் வாங்கினார்கள், எந்த ஊர்க்காரர்கள் என்று அவனுக்கே தெரியாது.

பெரியவனை இத்தனை வருஷம் கையில் சுமந்தேன். இப்போது முன்பின் அறியாத பிள்ளைகளின் பெயரெல்லாம் என்மேல் ஏறிக்கிடக்கிறது. இதோ, தெருமுனையில் ஆம்புலன்ஸ் ஒன்று அலறிக்கொண்டு போகிறது. உள்ளே கிடப்பவன் என்ன சட்டை போட்டிருக்கிறானோ.