போர்வையின் பின்பக்கம்

இவளே,

மகள் இதை உனக்கு வாசித்துக் காட்டுவாள். கட்டு அவிழ்க்கும் வரை கண்ணைக் கசக்காதே.

நீ சொன்னபடி உன் ஒட்டுத்துணிப் போர்வையைத் தையல் கண்காட்சியில் மாட்டிவிட்டேன். அதில்தான் ஒரு கூத்து. நல்ல பக்கம் அழுக்காகிவிடும் என்று வீட்டில் எப்போதும் அதைத் திருப்பித்தானே விரிப்பாய்? அந்தப் பழக்கத்தில் பின்பக்கம் வெளியே தெரிய மாட்டிவிட்டேன். அங்கே நீ வைத்துத் தைத்த என் பழைய டிரைவர் சட்டை, பாக்கெட்டோடு ஊரே பார்க்கத் தொங்கியது.

துணியில் கையழுக்குப் படாமலிருக்க வெள்ளைக் கையுறை போட்டு, கண்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் ஓடி வந்தார். திருப்பி மாட்டுவார் என்று பார்த்தால், மற்ற பெண்களைக் கூப்பிட்டார்.

"தையலைப் பாருங்கடி. பின்னாடிகூட ஒரு முடிச்சு தெரியல. யாருங்க தைச்சது?"

"எங்க வீட்டுல" என்றேன். உன் கண் ஆபரேஷனையும், இனித் தைக்க முடியுமோ என்று நீ பயப்படுவதையும் சொன்னேன். அந்த அம்மா சிரித்துவிட்டார்.

"எங்க தையல் கூட்டத்துல பாதிப் பேருக்கு ஊசிக் காதே தெரியாதுங்க. தைக்கக் கை போதும். நூல் கோக்கத்தான் ஆள் வேணும்."

அப்படியே என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். சந்து பொந்தெல்லாம் பஸ் திருப்பியவனுக்கு ஊசிக் காது பெரும்பாடாக இருந்தது. சாயங்காலத்துக்குள் கைவந்துவிட்டது. இனி வாராவாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள், நம் இருவரையும்.

டாக்டர் என்ன சொன்னார் என்று நான் கேட்கப்போவதில்லை. உன் தையல் பெட்டியில் இருக்கிற ஊசி எல்லாவற்றிலும் நூல் கோத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் 'என்னங்க'