அப்பாவின் ஈரலும் நீ அனுப்பின கசாயமும்

அல் ஐன், ஐக்கிய அரபு அமீரகம்
14.03.2007

என் அன்பு மகன் சுகிர்தனுக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் தங்கச்சி சுகந்தாவும் சுகம், கொரியாவில் குளிர் குறைந்து நீயும் சுகமாக இருக்க வேண்டுமென்று கும்பிட்டபடிதான் இருக்கிறேன். அப்பாவையும் சேர்த்துச் சுகமென்று எழுத ஆசை, முடியவில்லை. போனில் சொல்லலாமென்றால் அவர் பக்கத்திலேயே நிற்கிறார், அதனால்தான் கடிதம்.

உன்னோடு வேலை செய்யும் வேலுச்சாமி லீவில் ஊருக்குப் போகிற வழியில் இங்கே இறங்கித் தந்த பெட்டியைப் பார்த்து நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா. ஏதோ மரத்துக் காயை அவித்த சாறு, அங்கே குடிக்கிற ஆட்கள் ஈரலைக் காக்கவென்று எடுப்பார்கள் என்றாய். நானே ஒவ்வொரு பையாகச் சுடுதண்ணீரில் வைத்துச் சூடாக்கி அப்பாவுக்குக் கொடுத்தேன், பாவி நான். முந்தி வெள்ளி லீவுக்கு முதல்நாள் மட்டும் இரண்டு கிளாஸ் எடுப்பார், அதுவும் என் முகத்துக்குப் பயந்து பயந்து. இப்போது சனாயாப் பட்டறைப் பக்கத்து ஸ்பெயார் பார்ட்ஸ் கடையைப் பூட்டிவிட்டு வந்து குளித்ததும் முதலில் உன் கசாயம், பிறகு போத்தல், ஒவ்வொரு நாளும். ஏனப்பா இப்படி என்று கேட்டால், மகன் ஈரலுக்குக் காவல் போட்டிருக்கிறான், நீர் சும்மா பயப்பிடாதையும் எண்டு சிரிக்கிறார்.

போன கிழமை கண்ணெல்லாம் மஞ்சளாகிவிட்டது. வெயில் பட்டது என்றார், விடாமல் இழுத்துக்கொண்டு போனேன். இரத்தம் எடுத்துப் பார்த்த மலையாள டொக்டர், ஈரல் வீங்கியிருக்கிறது, இனி ஒரு சொட்டும் கூடாது என்றார். கசாயப் பையைக் காட்டினேன், அந்த எழுத்து அவருக்கும் தெரியவில்லை. இதையும் நிற்பாட்டுங்கள், நல்ல மருந்தாகவே இருந்தாலும் குடித்துக்கொண்டே இருக்கிறவருக்கு அது என்ன செய்யும் என்று கேட்டார். வெளியே வந்ததும் அப்பா சொல்கிறார், இவன் இங்கிலீஷ் வைத்தியம் படிச்சவன், கொரியா மருந்தைப் பற்றி இவனுக்கென்ன தெரியும், மகனிட்டை இன்னும் இரண்டு பெட்டி கேளும் எண்டு. எனக்கு வந்த கோபத்தில் மிச்சப் பைகளைக் கீழே குப்பையில் போட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, போத்தலை மட்டும் விடவில்லை. நான் சொன்னால் நச்சரிப்பு, டொக்டர் சொன்னால் அறியாமை, நீ சொன்னால் மட்டும்தான் கேட்பார். இனி ஒரு பையும் அனுப்பாதே ராசா. அந்த மருந்தை நம்பிக் குடிக்க வேண்டாம், அடியோடு விடுங்கோ என்று நீயே போன் எடுத்துச் சொல்லு.

இன்னொன்றும் கேட்க வேண்டும். பெட்டிக்குள் நீ வைத்த துண்டுக் காகிதத்தில், முதல்நாள் எவ்வளவு எடுத்தாலும் காலையில் இதைக் குடித்தால் டியூட்டிக்குப் போகலாம், நல்லாக் கேட்கும் என்று எழுதியிருந்தாய். அப்பா அதை இரண்டு தரம் சத்தமாக வாசித்தார். நல்லாக் கேட்கும் என்று உனக்கு எப்படித் தெரியும் தம்பி? கம்பனி விருந்தில் பெரியவர் ஊற்றித் தந்தால் மறுக்க ஏலாது என்று நீ ஒருமுறை சொன்னாய், அப்போது நான் பெரிதாக எடுக்கவில்லை. நீயும் போய் இரத்தம் எடுத்துப் பார். என்ன வந்தாலும் எனக்கு மறைக்காதே.

முருகன் உனக்கு நீண்ட ஆயுளைத் தரவேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. அப்பாவோடு பேசுகிற அன்றைக்காவது நீ குடிக்காமல் இருந்து பேசு, குரலில் எனக்குத் தெரிந்துவிடும்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா
ஆ. சிவகொழுந்து