புகை தெளிந்த பிறகு

அன்புள்ள அப்பாவுக்கு, டெல்லியிலிருந்து அனுசியா. உங்களுக்கும் அம்மாவுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? திருச்சுழிப் பக்கம் மழை உண்டா?

போன வாரம் எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு கூத்து. விறகுப் புகையை வடிகட்டி, பெரிய பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் விட்டு, வெயில் போன்ற விளக்கைப் போட்டோம். உள்ளே புகை என்று ஒன்றுமே தெரியவில்லை. நம் ஊர்க் கரிமூட்டத்தில் விறகு வெந்து கரியாகிப் புகை தெளிந்ததும் மூக்கில் கட்டிய ஈரத்துண்டை அவிழ்த்துவிடுவீர்களே, அதே பழக்கத்தில் நானும் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுக் கூடாரத்தின் குழாயைத் திறந்தேன். இருமல் பிடித்துக்கொண்டது. எல்லோரும் சிரித்தார்கள். இப்போது சரியாகிவிட்டது, அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

அப்புறம்தான் கருவியில் பார்த்தேன். வடிகட்டியில் நின்றது புகைத்தூள் மட்டும்தான். கண்ணுக்குத் தெரியாத ஆவி உள்ளே போய், வெளிச்சம் பட்டதும் காற்றோடு சேர்ந்து மாறி, புதிதாகப் பொடியாகத் திரண்டிருந்தது. மாவைவிட நுண்ணிய பொடி, நேரே நெஞ்சுக்குள் இறங்கிவிடும். லாரிப் புகையும் பெயிண்ட் வாடையும்கூட இப்படித்தான் மாறுமாம். அதனால் புகை தெளிந்த பிறகும் துண்டு இருக்கட்டும் அப்பா.

ரத்தினம் மாமா இங்கே வரும்போது வறுத்த மிளகாய்ப்பொடி கொடுத்துவிடுங்கள். நீங்கள் கட்டிப் பழசான துண்டு ஒன்றும் வேண்டும். துவைக்க வேண்டாம், அதில் என்ன படிந்திருக்கிறது என்று கருவியில் பார்க்கிறேன்.

ஆய்வுக்கூட வண்டி வந்துவிட்டது. ஒன்றே ஒன்று. இருமல் உண்டா என்று கேட்டால், "அதெல்லாம் இல்லத்தா" என்று சொல்லிவிட்டுப் போனைத் தள்ளிப் பிடிக்கிறீர்கள். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் வராது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இனிமேல் போனைக் காதோடு வைத்துக்கொண்டே இருமுங்கள்.

உங்கள் மகள்,
அனுசியா