மூலை மனைப் பணம் போன தெரு

பீரோவைத் திறந்ததும் தைல வாசனை. நீ போய் இரண்டு வருஷமாகிறது, உன் வரைபடச் சுருளை விட்டு அது போகவில்லை. நெற்றியில் தடவியது போக மிச்சத்தை அரசாங்கக் காகிதத்தில்தானே துடைப்பாய். இன்றைக்கு அந்தச் சுருளை அணைத்துக்கொண்டு நம் வேங்கிக்கால் அலுவலகத்தின் நடுவில் நின்று கத்தினேன். தீர்ப்பு வந்துவிட்டது. நம் வளர்ச்சிக் குழுமம் செய்வது வியாபாரம் இல்லை, பொதுமக்களுக்கான அறப்பணி, வருமான வரி விலக்கு உண்டு என்று தீர்ப்பாயம் எழுதிவிட்டது. ஐம்பத்தாறு வயதில் ஒரு கணக்கு அலுவலர் இப்படிக் கத்தலாமா என்று கேட்காதே. தபால் பிரிவிலிருந்தெல்லாம் ஓடி வந்தார்கள்.

அன்றைக்கு எல்லாம் என்னால் கெட்டதுதான். மனை போட்டு விற்கிறீர்கள், கையில் மீதியும் நிற்கிறது, அப்புறம் இது ரியல் எஸ்டேட்தானே என்று வரித் துறை கேட்டிருந்தது. பதில் சொல்லப் போன நான் வெறுங்கையோடு போயிருக்கலாம். நமக்குத்தான் எங்கே போனாலும் சாதனை மலர் வேண்டுமே! பளபளவென்று அச்சடித்த மலரை அந்த அதிகாரியின் மேசையில் நானே விரித்து வைத்தேன். மூலை மனை ஏலத்தில் இதுவரை இல்லாத விலை என்று முழுப் பக்கத்துக்குப் படம். அவர் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"இதத்தான் மேடம் நானும் சொல்றேன். இந்த புக்க இங்கயே வச்சுட்டுப் போங்க."

விலக்கு இல்லை என்று உத்தரவு வந்தது. அதில் முதல் காரணமே என் மலர்.

வரி கட்டினால் எது நிற்கும் என்று நம் இருவருக்கும் தெரியும். அடி அண்ணாமலைப் பக்கத்து லேஅவுட்டில் ஏழைக் குடும்பங்களுக்குக் குறைந்த விலையில் கொடுத்த நான்கு தெருக்கள். இரண்டுக்குக் கால்வாயும் குடிநீர்க் குழாயும் போட்டாயிற்று. மற்ற இரண்டுக்கு வைத்திருந்த பணம்தான் வரிக்குப் போகும். பயந்துகொண்டே வரைபடப் பிரிவில் உன் மேசைக்கு வந்து சொன்னேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"ஏன்டி, ஜாமீன் கேக்கப் போன எடத்துல கத்தியக் காட்டிட்டு வந்தியா? கெளம்பு. உனக்குக் கணக்குதான் தெரியும், தெரு தெரியாது."

மூன்றாம் தெருவில் சாக்கடை நடுவழியில் தேங்கியிருந்தது. செங்கல் போட்டு அதன்மேல் கால் வைத்து வந்த ஒரு பெண் நம்மைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாம்மா, அளக்க மட்டும் வரீங்க. கால்வா எப்போ வரும்?"

நீ கொஞ்சமும் யோசிக்காமல் என்னைக் காட்டினாய். "வரும்மா. இவங்கதான் கொண்டாரப் போறாங்க." வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

மறுநாளே நீ மேல்முறையீட்டுக்காக அந்த வரைபடத்தைத் தொடங்கினாய். மூலை மனைகளுக்குச் சிவப்பு. ஏலத்தில் வந்த பணம் எந்தத் தெருவுக்குக் கால்வாயாகப் போனதோ, அந்தத் தெரு வரைக்கும் ஒரு கோடு. கடைசிக் கோடுகளை ஆஸ்பத்திரிக் கட்டிலில், இடது கையில் மருந்து இறங்க, வலது கையால் போட்டாய். இப்போது இது அவசியமா என்று சண்டை போட்டேன்.

"ஒரு கோடு கம்மியானா அவங்க கேள்வி ஜாஸ்தியாவும்டி" என்றாய். விசாரணைக்கு நாள் வருவதற்குள் நீ போய்விட்டாய். உன்மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

சென்னைத் தீர்ப்பாயத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் என் மலரைத் தூக்கிக் காட்டினார். அதிக விலை கேட்டவனுக்கு விற்பதில் அறம் எங்கே என்றார். நம் வக்கீல் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் அனுமதி கேட்காமல் எழுந்து போய் உன் படத்தை விரித்தேன். நீதிபதி குனிந்து பார்த்தார். ஒரு சிவப்புக் கட்டத்தைத் தொட்டு, இந்தப் பணம் எங்கே போனது என்றார். கோட்டின்மேல் விரலை ஓட்டித் தெருவைக் காட்டினேன். இன்னொன்று, மற்றொன்று என்று கேட்டுக்கொண்டே போனார். ஒன்றுக்கும் நான் திணறவில்லை.

"இந்த ரெண்டு கோடு மட்டும் ஏன்மா பாதியில நிக்குது?"

"அந்தப் பணம்தாங்க ஐயா இந்த வழக்குல நிக்குது."

எதிர்த்தரப்பு வக்கீலே படத்தைப் பார்க்க எழுந்து வந்தார். உனக்கு அதைக் காட்ட முடியவில்லையே என்று அங்கேயே அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

தீர்ப்பு நகலோடு இன்று மத்தியானமே மூன்றாம் தெருவுக்குப் போனேன். அந்தப் பெண்ணுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. அடுத்த வாரம் தோண்டுகிறோம் என்றதும் வாசலிலிருந்தே அண்டை வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டாள். "அன்னிக்கு ஒரு அம்மா சொன்னாங்கல்ல, இவங்கதான் கொண்டாருவாங்கன்னு? கொண்டாந்துட்டாங்க!"

என்னைக் கேட்காமல் என் பேரில் நீ கொடுத்த வாக்கு அது. இவ்வளவு காலம் அதைச் சுமந்தேன். இனி எனக்குக் கனமில்லை என்றுதான் நினைத்தேன். திரும்பும்போது லேஅவுட்டுக்கு வெளியே இருக்கும் பழைய காலனியில் ஒரு பெரியவர் வண்டியை மறித்தார். "எங்க தெருவுக்கு எப்பம்மா?"

அந்தத் தெருவுக்குப் படமும் இல்லை, பணமும் இல்லை. "வருதுங்க ஐயா, நான்தான் கொண்டாரப் போறேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.