சிவந்த சீசா

தொப்பூர், 1986

அன்புள்ள ராணி,

முழங்கால் வலி தேவலையா? எழுத நினைத்தவை: 1. நான் நலம். 2. சின்னம்மாள் மருந்தை நிறுத்தியது. 3. வெள்ளிக்கிழமை நான் வீட்டுக்கு வருவது.

காசநோய் மாத்திரை சிறுநீரைச் சிவப்பாக்கும் என்று சின்னம்மாளிடம் சொல்ல மறந்துவிட்டேன். ரத்தம் என்று பயந்து நிறுத்திவிட்டாள். இப்போது இருமினால் உண்மையாகவே ரத்தம்.

“ஜெர்மனியிலிருந்து உசுரு பொழச்சு ஓடியாந்தது எங்களைக் கொல்றதுக்காங்க?” என்று கேட்டாள்.

அவள் எதிரிலேயே நானும் அந்த மாத்திரை ஒன்றை விழுங்கினேன். மாலையில் சீசாவில் என் சிறுநீரைக் காட்டினேன். அதுவும் சிவப்பு.

“தெனமும் நீங்க எதுருல உக்காந்தாத்தான் முழுங்குவனுங்க” என்கிறாள்.

பிழைப்பாளா என்று தெரியவில்லை. என் வைத்தியத்தில் எனக்கே நம்பிக்கை இல்லை. கம்பளியும், வெள்ளி மாலை நம் யூத ஓய்வுநாளான சபாத்துக்கு ஏற்றிவைக்க இரண்டு மெழுகுவர்த்தியும் அனுப்பு. தபால்காரர் காத்திருக்கிறார்.

மூன்றாவதாக எழுதியது தவறு, ராணி. நான் வர முடியாது.

உன்,
யாக்கோபு