யாசின் நடிக்கவில்லை

செவ்வாய் இரவு, தஞ்சோங் மாலிம், மலேசியா

எங்கள் பல்கலைக்கழகத்தில் எந்தத் துறையில் படித்தாலும் உளவியல் கட்டாயப் பாடம். இன்று வகுப்பில், ஆலோசகராகவும் உதவி தேடி வருபவராகவும் இருவர் இருவராக நடிக்கச் சொன்னார்கள். எனக்கு ஜோடி கணிதத் துறை யாசின்; நான் ஆலோசகர், அவன் உதவி தேடி வருபவன். ஈப்போவில் அவன் அத்தா சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார்.

தேர்வு பயத்தைப் பற்றித்தான் நடிப்பதாக இருந்தோம். அவனோ, "காலையில எதுக்கு எந்திரிக்கணும்னே தெரியல," என்றான். வகுப்பே கைதட்டியது. விரிவுரையாளரும் நல்ல நடிப்பு என்றார். நான் கைதட்டவில்லை.

வெளியே வந்ததும் கேட்டேன். "யாசின், அது நடிப்பு இல்லதானே?"

"விடு லா. மார்க் கெடச்சா போதும்."

"கவுன்சலிங் யூனிட்டுக்குப் போலாம். நானும் கூட வாரேன்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். பிறகு, "அத்தாகிட்ட சொல்லிருவாங்களா?" என்றான்.

"எனக்குத் தெரியல. உள்ள போனதும் மொதல்ல அதையே கேளு."

யூனிட் வாசலில் நின்றபடியே அதைத்தான் கேட்டான். உள்ளே இருந்த ஆலோசகர், ஒரு மலாய்க்கார அக்கா, உடனே பதில் சொல்லாமல், எழுந்து வந்து அவனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவன் உட்கார்ந்த பிறகே கதவைச் சாத்தினார். நான் வெளியிலேயே காத்திருந்தேன். திரும்பி வந்தவன் நேராகத் தன் அறைக்குப் போய்விட்டான்.

சற்றுமுன் அவனிடமிருந்து செய்தி வந்தது. நாளையும் வரச் சொன்னார்களாம், நானும் வர வேண்டுமாம். சரி என்று அனுப்பினேன். அவன் இன்னும் பார்க்கவில்லை.