முழுக் கூறு

மதினி,

கை இரண்டிலும் ஆட்டுக்கறி வாடை. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. பங்குனிப் பொங்கலுக்குக் கிடா வெட்டி, கோயில் பொட்டலில் வைத்து ஊருக்குக் கூறு போட்டுவிட்டு இப்போதுதான் வந்து உட்கார்ந்தேன். இந்த வாடை வந்தாலே உங்கள் ஞாபகம்தான். கேட்டால் நீங்களே சிரிப்பீர்கள்.

அண்ணன் இறந்த வருஷம், இதே பொங்கலுக்குக் கறி வாங்க உங்கள் ஓலைக்கொட்டானை எடுத்துக்கொண்டு போனவன் நான்தானே. அப்போது ஊரில் பொங்கலுக்குப் போடுகிற தலைக்கட்டு வரி, எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு. பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கும் அண்ணாச்சிக்கும் அதேதான், அங்கே சரம் பின்னுகிறவர்களுக்கும் அதேதான். புருஷன் இல்லாத வீடு மட்டும் அரைத் தலைக்கட்டு. அரை வரி, அரைக் கூறு. பாதிக் கறியோடு திரும்பி வந்த என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டீர்கள்.

"கொழுந்தனாரே, எம் பிள்ளைகளுக்கு வயிறும் பாதியாப் போச்சாமா?"

"வரியைக் குறைச்சிருக்காகல்ல மதினி?"

"வரியை வசதியைப் பார்த்துப் போடணும். கூறு எல்லா வீட்டுக்கும் ஒண்ணுபோல வரணும். ரெண்டையும் ஏன் போட்டுக் குழப்புறீக? கொண்டுபோய்க் கொடுத்துட்டு வாங்க!"

கொண்டுபோய்க் கொடுத்தேன். உங்களோடு யார் மல்லுக்கட்டுவது!

அடுத்த வருஷ வரிக்கூட்டத்தில், பெண்கள் யாரும் ஏறாத சாவடியில் ஏறி நின்று அதையே சொன்னீர்கள். அண்ணாச்சி கோபப்படவில்லை. "நான் களவாண்டு சேர்க்கலைம்மா. ராத்திரி பகலா உழைச்சது. உழைச்சதுக்குத் தண்டனையா?" என்று கேட்டார். எனக்கே அது நியாயமாகத்தான் பட்டது. கூட்டமும் தலையாட்டியது.

நீங்கள் அசையவில்லை. "போன கோடையில உங்க வைக்கப்படப்பு தீப்பிடிச்சுச்சே அண்ணாச்சி, அப்ப தலைக்கட்டுக்கு ஒரு குடம்னு கணக்குப் பார்த்தா தண்ணி கொண்டாந்தோம்? கிணறு வச்சிருந்தவுக மோட்டாரைப் போட்டாக. குடம் வச்சிருந்தவ குடத்தைத் தூக்கிட்டு ஓடியாந்தா. மோட்டார் போட்டவுக யாரும் அதைத் தண்டனைன்னு சொல்லலையே."

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "சரி, வசதிக்குத் தக்கன வரியைப் போடுங்கப்பா" என்றார்.

"கூறு?" என்றீர்கள், விடாமல்.

"எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. ஆளை விடு!" என்று சிரித்துவிட்டார்.

போன ஐப்பசியில், தீபாவளி சீசன் முடிந்த கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். நீங்கள் இல்லாமல் நடந்த முதல் வரிக்கூட்டம் இந்த வருஷத்தது. அண்ணாச்சி படுக்கையில் கிடக்கிறார். அவர் மகன்தான் வந்திருந்தான். "கூடக் கொடுக்கிறவுகளுக்குக் கூறும் கூட வேணும். அதான முறை?" என்றான். இரண்டு மூன்று பேர் ஆமாம் போட்டார்கள். விட்டிருந்தால் அன்றைக்கே பழையபடி அரைக் கூறு வந்திருக்கும்.

எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கம் கிடையாது. கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவன், ஹாரன் அடிக்கத்தான் தெரியும். ஆனாலும் எழுந்து நின்றேன். வைக்கோல் படப்பு தீப்பிடித்த கதையை நீங்கள் சொன்ன மாதிரியே சொன்னேன். அவன் வாயைத் திறக்கப் போனான். "தம்பி, ஒங்க வீட்டுக்குக் கறி பத்தலேன்னா எங் கூறையும் எடுத்துக்கிடுங்க. வழக்கத்தை மாத்த மட்டும் விடமாட்டேன்" என்றேன். சாவடியே சிரித்தது. அவனும் பழைய வழக்கப்படியே வரியை எண்ணி வைத்தான்.

இன்றைக்குக் கூறு போட்டு முடிகிற நேரம், மேலத்தெருவில் மாசி மாதம் புருஷனைப் பறிகொடுத்த பெண் ஒதுங்கி நின்றாள். கையில் பிள்ளைக்குப் பால் வாங்குகிற சின்னத் தூக்குவாளி. அவள் பிறந்த ஊரில் இன்னும் அரைக் கூறுதானாம்.

"எனக்குப் பாதிதான மாமா? இது பத்தும்."

மதினி, அழுகை வந்துவிட்டது எனக்கு. அத்தனை பேர் முன்னால், கறிக் கையோடு, கண்ணைக்கூடத் துடைக்க முடியவில்லை.

"இந்த ஊர்ல பாதின்னு ஒண்ணு கிடையாது தாயி" என்று சொல்லி, உங்கள் ஓலைக்கொட்டானில் நிறைய அள்ளி வைத்துக் கொடுத்தேன். எங்கள் கூறுக்காகக் கொண்டுபோயிருந்தேன் அதை. நாளைக்குத் திருப்பிக் கொடுக்க வருவாள். வாங்கமாட்டேன்.

கொட்டான் அவளிடம் இருக்கட்டும், மதினி. உங்கள் வாயை நான் வைத்துக்கொள்கிறேன்.